மேட்டூரும் மௌனா லோவாவும்: நடுநிலை வகுப்பில் காலநிலைக் கணக்கு

ஒரு பனிப்பாறையின் நீளம் 240 மீட்டர். ஆண்டுதோறும் 8 மீட்டர் உருகுகிறது. எத்தனை ஆண்டுகளில் முழுவதும் கரைந்துபோகும்? காலநிலை மாற்றத்தைக் கணித வகுப்புக்குள் கொண்டுவர வேண்டும் என்று யாராவது சொன்னதும் முதலில் எழுதப்படுவது இந்த வகைக் கணக்குதான். விடை 30. பனிப்பாறையை எடுத்துவிட்டுத் துணிக்கடைச் சுருளை வைத்தாலும் விடை 30தான். மாணவர் பனியைப் பற்றியும் ஒன்றும் அறிந்துகொள்ளவில்லை. வகுத்தலைப் பற்றியும் புதிதாக ஒன்றும் அறிந்துகொள்ளவில்லை. போதாததற்குக் கணக்கு பொய்யும் சொல்கிறது. எந்தப் பனிப்பாறையும் எட்டெட்டு மீட்டராக வரிசையில் நின்று உருகுவதில்லை.

இப்படிப் பூச்சு வேலை செய்வதற்காகக் காலநிலையை வகுப்புக்குள் இழுத்துவர வேண்டியதில்லை. ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளில் ஒரு குழந்தையின் கைக்கு வந்துசேரும் கருவிகளைப் பாருங்கள்: குறை எண்கள், விகிதம், சதவீதம், சராசரி, இடைநிலை அளவு, வரைபடம். காலநிலை பற்றிப் பொதுவெளியில் புழங்கும் எண்களில் பெரும்பகுதி இந்தக் கருவிகளால் செய்யப்பட்டவை. ஆனால் பாடநூல் இவற்றைத் தரும்போது, முடிவெடுக்க வேண்டிய இடங்களில் எல்லாம் தானே முடிவெடுத்துவிட்டுத் தருகிறது. பூஜ்யத்தை எங்கே வைப்பது, எந்த இலக்கத்தோடு முழுமையாக்குவது, எதற்குச் சராசரி எடுப்பது, எதனால் வகுப்பது என்ற கேள்விகள் மாணவர் வருவதற்கு முன்பே தீர்ந்துபோயிருக்கும். உண்மையான தரவு அவற்றைத் தீர்க்காமல் மேசைமேல் வைக்கிறது. காலநிலைத் தரவு கணித வகுப்புக்கு வேண்டும் என்று நான் சொல்வது இதற்காகத்தான். சுற்றுச்சூழல் அக்கறையும் கூடவே வந்தால் நல்லது. அது இரண்டாம் பட்சம்.

2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்புக்காகக் கணிதம் கற்பித்தல் பற்றி அறிக்கை அளித்த குழுவுக்குத் தலைவர், அப்போது சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தில் இருந்த ஆர். ராமானுஜம். எண்ணும் அளவும் கையாளத் தெரிவது குறுகிய நோக்கம், குழந்தையின் சிந்தனை கணிதமயமாவதே உயர்ந்த நோக்கம் என்று அந்த அறிக்கை பிரித்துச் சொன்னது. சுற்றுச்சூழல் கல்வியோ, எம்.சி. மேத்தா வழக்கில் 1991இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதிலிருந்து பள்ளிகளில் கட்டாயம். இரண்டும் ஒரே பள்ளிக் கட்டடத்துக்குள்தான் இருக்கின்றன. சந்தித்துக்கொள்வது அரிது.

கீலிங்கின் எண்கள்

ஹவாயில் மௌனா லோவா எரிமலையின் சரிவில், கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் ஓர் ஆய்வகம் இருக்கிறது. 1958 மார்ச்சில் சார்லஸ் டேவிட் கீலிங் அங்கே காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை அளக்கத் தொடங்கினார். முதல் அளவு 313 பிபிஎம்; அதாவது உலர்ந்த காற்றில் பத்து லட்சம் மூலக்கூறுகளை எண்ணினால் அவற்றில் 313. அளவீடு இன்றும் தொடர்கிறது. மாதவாரி எண்கள் முழுவதும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நடுநிலை வகுப்புக்கு இதைவிடப் பொருத்தமான எண் வரிசை எனக்குத் தெரியவில்லை.

பத்தாண்டுக்கு ஓர் எண் போதும். ஆண்டுச் சராசரிகளை முழு எண்ணாக்கினால்: 1960இல் 317, 1970இல் 326, 1980இல் 339, 1990இல் 354, 2000இல் 370, 2010இல் 390, 2020இல் 414. ஆறாம் வகுப்புக்காரர் செய்யக்கூடியது கழித்தல். ஒவ்வொரு பத்தாண்டிலும் எவ்வளவு கூடியது? 9, 13, 15, 16, 20, 24.

இங்கே ஆசிரியர் ஒரு காரியம் செய்யலாம். 1960, 1970 ஆகிய இரண்டு எண்களை மட்டும் கரும்பலகையில் எழுதிவிட்டு, 2020இல் என்ன இருக்கும் என்று கேட்கலாம். பத்தாண்டுக்கு 9 என்றால் அறுபது ஆண்டுக்கு 54. 317உடன் கூட்டினால் 371. பாடநூலின் நேர் விகிதக் கணக்குகள் பழக்கிய கை இதைத்தான் எழுதும். உண்மையான எண் 414. இடைவெளி 43. கணக்குப் போட்டதில் பிழை இல்லை; ‘இதே வேகத்தில்’ என்று எண்ணியதுதான் இடறியது. நேர் விகிதம் என்பது நாம் உலகத்தின்மீது வைக்கும் ஓர் அனுமானம், அதைச் சோதித்துப் பார்க்கலாம் என்பது அந்த 43இல் தெரிகிறது. பாடநூலில் இந்தச் சோதனைக்கு இடமில்லை. அங்கே ஐந்து பேனா 40 ரூபாய் என்றால் பத்துப் பேனா எப்போதும் 80 ரூபாய்தான்.

இன்னும் நுட்பமான ஒரு விஷயம் இந்தச் சிறு பட்டியலுக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. வேறுபாடுகள் 15, 16 என்று போகின்றன. அதாவது 1990களில் வேகம் கொஞ்சம் கூடியதுபோல் தெரிகிறது. இப்போது ஒரு தசம இடம் சேர்த்து எழுதுவோம்: 1980இல் 338.8, 1990இல் 354.5, 2000இல் 369.7. வேறுபாடுகள் 15.7, 15.2. கூடவில்லை, சற்றே குறைந்திருக்கிறது! முழுமையாக்கும்போது 338.8 மேலே போனது, 354.5 கீழே வந்தது. (மூல எண் 354.45, அதனால்தான் முழு எண்ணாக்கினால் 354, ஒரு தசமத்தில் 354.5. முழுமையாக்கியதை மறுபடி முழுமையாக்கக் கூடாது என்பதற்கும் இதுவே உதாரணம்.) முழுமையாக்கல் என்பதை விடைத்தாளின் கடைசி வரியில் செய்யும் சுத்தப்படுத்தும் வேலையாகத்தான் மாணவர்கள் அறிந்திருக்கிறார்கள். அது ஒரு கதையின் போக்கையே திருப்பிவிடும் என்று காட்ட, கற்பனைக் கணக்கு ஒன்றும் தேவைப்படவில்லை.

மாதவாரி எண்களுக்குப் போனால் வேறொன்று தெரியவரும். ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தில் உச்சம், செப்டம்பர் அக்டோபரில் பள்ளம். இடையே சுமார் 6 பிபிஎம். வடகோளத்தின் காடுகளும் பயிர்களும் கோடையில் தழைத்துக் கார்பனை இழுத்துக்கொள்கின்றன. குளிர்காலத்தில் திரும்ப விடுகின்றன. மே முதல் செப்டம்பர் வரையிலான எண்களை மட்டும் ஒருவரிடம் கொடுத்தால், கார்பன் டை ஆக்சைடு குறைந்துவருகிறது என்று வரைபடத்தோடு நிரூபித்துவிடுவார். வகுப்பை இரண்டாகப் பிரித்து ஒரு பாதிக்கு மே முதல் செப்டம்பர் வரையும், மறு பாதிக்கு அக்டோபர் முதல் மே வரையும் கொடுத்து வாதிட வைக்கலாம். இரு தரப்பும் சரியாக வரைந்திருப்பார்கள். பிறகு 12 மாதச் சராசரி எடுத்தால் அலை மறைகிறது. ஏன் 12? 10 மாதத்துக்கு எடுத்தால் என்ன? எடுத்துப் பார்க்கட்டும், அலை முழுதாகப் போகாது. சராசரி என்பது கூட்டி வகுப்பது மட்டுமல்ல, எத்தனைக்குக் கூட்டுவது என்பதும் அதில் அடக்கம் என்று அப்போது பிடிபடும்.

தொழிற்புரட்சிக்கு முன் இந்த அளவு சுமார் 280. 2024இன் சராசரி ஏறத்தாழ 425. உயர்வு 145, 280இல் அது பாதிக்கும் மேல், சுமார் 52 சதவீதம். ஆனால் இதே 425ஐ மொத்தக் காற்றின் சதவீதமாக்கினால் 0.0425தான். ‘கார்பன் டை ஆக்சைடு 52 சதவீதம் கூடிவிட்டது’ என்பதும் ‘காற்றில் அது 0.04 சதவீதம்தான்’ என்பதும் ஒரே உண்மையின் இரண்டு வாக்கியங்கள். ஒன்றைச் சொல்பவர் பயமுறுத்துகிறார் என்பார்கள், மற்றதைச் சொல்பவர் மழுப்புகிறார் என்பார்கள். எதன் சதவீதம் என்று கேட்கப் பழகிய மாணவருக்கு இரண்டும் சரி என்று தெரியும். ‘இவ்வளவு கொஞ்சம் எப்படிப் பூமியைச் சுட வைக்கும்?’ என்று அவர் அடுத்துக் கேட்பார். அதற்குக் கணித ஆசிரியரிடம் பதில் இல்லை, இருக்கவும் வேண்டாம். ஜான் டிண்டால் 1859இல் வாயுக்கள் வெப்பக் கதிரை உறிஞ்சுவதைச் சோதனைச் சாலையில் அளந்த கதையை அறிவியல் ஆசிரியர் சொல்லட்டும்.

பூஜ்யம் எங்கே?

குறை எண்களைப் பாடநூல்கள் வெப்பமானியை வைத்து அறிமுகப்படுத்துவது வழக்கம். உறைநிலைக்குக் கீழே 5 டிகிரி என்றால் −5. தூத்துக்குடியிலோ வேலூரிலோ இருக்கும் பிள்ளைக்கு அது தொலைக்காட்சியில் பார்த்த சமாச்சாரம். ஆனால் அதே பிள்ளை தினமும் கேட்கும் வானிலை அறிக்கையில் குறை எண் வேறு உருவத்தில் இருக்கிறது: ‘இயல்பைவிட 2 டிகிரி அதிகம்’, ‘இயல்பைவிட 30 சதவீதம் குறைவு’. பூஜ்யம் இங்கே உறைநிலையில் இல்லை, இயல்பில் இருக்கிறது. இயல்பு என்பது பல ஆண்டுகளின் சராசரி.

உலக வெப்பநிலைச் செய்திகள் அனைத்தும் இந்த நகரும் பூஜ்யத்தில்தான் எழுதப்படுகின்றன. ஐரோப்பாவின் கோபர்நிகஸ் காலநிலைச் சேவையின் கணக்குப்படி 2024ஆம் ஆண்டு, 1850–1900 காலத்துச் சராசரியைவிட 1.60 டிகிரி அதிகம். அதே ஆண்டு, அதே நிறுவனத்தின் கணக்குப்படி, 1991–2020 சராசரியைவிட 0.72 டிகிரி அதிகம். நாசா தனக்கு 1951–1980ஐப் பூஜ்யமாக வைத்துக்கொண்டு 1.28 என்கிறது. எது உண்மை என்று ஏழாம் வகுப்பில் கேட்டுப் பாருங்கள். கோபர்நிகஸின் இரண்டு எண்களைக் கழித்தால் 0.88, இரண்டு பூஜ்யங்களுக்கும் இடையிலுள்ள தூரம் அது. பழைய பூஜ்யத்திலிருந்து +0.30 என்று எழுதப்பட்ட ஓர் ஆண்டு, புதிய பூஜ்யத்தில் 0.30 − 0.88 = −0.58 ஆகிவிடும். ஆண்டு மாறவில்லை, வெயில் மாறவில்லை, குறி மட்டும் மாறியது. ஆனால் எந்த இரண்டு ஆண்டுகளை எடுத்தாலும் அவற்றுக்கிடையே உள்ள வித்தியாசம் எந்தப் பூஜ்யத்திலும் ஒன்றே. குறை எண்களின் கழித்தலில் இதைவிட அழகான ஒரு பயிற்சியை உட்கார்ந்து யோசித்தால்கூட எழுத முடியாது. பாரிஸ் ஒப்பந்தம் சொல்லும் 1.5 டிகிரி எந்தப் பூஜ்யத்திலிருந்து எண்ணப்படுகிறது என்று தெரியாமல் 0.72ஐப் பார்த்து ‘இன்னும் பாதிதானே ஆயிருக்கிறது’ என்று ஆறுதலடையும் பெரியவர்களுக்கும் இதைக் கொடுக்கலாம்.

மழைக்கு வந்தால் இந்திய வானிலை ஆய்வுத் துறை சதவீதத்தில் பேசுகிறது. இயல்பிலிருந்து −19 முதல் +19 வரை விலகினால் ‘இயல்பு’. −20 முதல் −59 வரை ‘குறைவு’. −60 முதல் −99 வரை ‘பெரும் குறைவு’. −100 என்றால் மழையே இல்லை. மேலே +20 முதல் +59 வரை ‘மிகை’. +60இலிருந்து ‘பெரும் மிகை’, அதற்கு உச்சவரம்பு இல்லை. கீழே −100இல் சுவர் இருக்கிறது, மேலே திறந்த வானம். −120 சதவீதம் மழை ஏன் இருக்க முடியாது, +120 ஏன் இருக்க முடியும் என்ற கேள்விக்குச் சூத்திரத்தை மனப்பாடம் செய்தவரால் பதில் சொல்ல முடியாது. இதில் இன்னொரு சுவையும் உண்டு. விலை 50 சதவீதம் குறைந்து பிறகு 50 சதவீதம் ஏறினால் பழைய விலைக்கு வராது என்று எட்டாம் வகுப்பில் சொல்லித் தருகிறோம். மழையில் ஓர் ஆண்டு −50, அடுத்த ஆண்டு +50 என்றால் இரண்டாண்டுச் சராசரி சரியாக இயல்புக்கு வந்துவிடுகிறது. முன்னதில் அடிப்படை நகர்கிறது. பின்னதில் அடிப்படை இயல்பிலேயே ஆணியடித்து நிற்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் சதவீதம் என்ற கருத்து முழுமையாகும்.

வரைபடத்தின் அச்சு பற்றி ஒரு வார்த்தை. கீலிங்கின் எண்களைப் பூஜ்யத்திலிருந்து வரைந்தால் மெல்ல ஏறும் மேடு. 310இலிருந்து வரைந்தால் செங்குத்துச் சுவர். பூஜ்யத்திலிருந்து தொடங்காத வரைபடம் ஏமாற்று என்று சில ஆசிரியர்கள் ஒரே போடாகப் போட்டுவிடுவதுண்டு. காய்ச்சல் பார்க்கும் கண்ணாடி வெப்பமானி 35 டிகிரியில்தான் தொடங்குகிறது; அதை யாரும் ஏமாற்று என்பதில்லை. எந்த மாற்றம் பொருட்படுத்தத் தக்கது என்பதுதான் அச்சைத் தீர்மானிக்கிறது, அந்தத் தீர்ப்பு வரைபடத்துக்கு வெளியிலிருந்து வருகிறது. மாணவர் இரண்டையும் வரைந்து, இரண்டின் கீழும் யார் எதற்காக இதை வெளியிடுவார் என்று ஒரு வரி எழுதினால் போதும்.

மழையை அளப்பது

2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. தூத்துக்குடி மாவட்டத்தின் ஓர் ஆண்டு முழுமைக்குமான இயல்பு மழையே 70 சென்டிமீட்டருக்குக் குறைவு. இந்த ஓர் எண்ணை வைத்தே சராசரிக்கும் இடைநிலை அளவுக்கும் உள்ள உறவை ஒரு வாரம் நடத்தலாம். முப்பது ஆண்டுச் சராசரியில் அந்த ஒரே நாள் எவ்வளவு சேர்க்கும்? 95ஐ 30ஆல் வகுத்தால் மூன்று சென்டிமீட்டருக்கு மேல். ஒரு நாள் பெய்தது முப்பது ஆண்டின் தலையிலும் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. இடைநிலை அளவோ அசையாது. வரிசையின் உச்சியில் இருக்கும் ஆண்டு 100 சென்டிமீட்டரா 160 சென்டிமீட்டரா என்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை. அப்படியானால் எதை நம்புவது? மானாவாரி விவசாயிக்கு இடைநிலை அளவு உதவும். பாதி ஆண்டுகளில் இதற்கு மேல் பெய்யும் என்று அது சொல்கிறது. சாலைக்கு அடியில் நீர்வழிக் குழாய் பதிக்கும் பொறியாளருக்கு இரண்டும் உதவாது, அவர் பார்க்க வேண்டியது உச்சத்தை. ‘சராசரி காண்க’ என்ற கட்டளையில் யாருக்காக என்ற சொல் விடுபட்டிருக்கிறது.

ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். இந்தச் சமன்பாட்டைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு பிள்ளை எட்டாம் வகுப்பைத் தாண்டுவது அநியாயம். சென்னையின் ஆண்டு மழை சுமார் 140 சென்டிமீட்டர். 40 சதுர மீட்டர் மொட்டைமாடியில் அது 56,000 லிட்டர். நகரங்களில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது அரசின் வரையறை. நால்வர் குடும்பத்துக்கு 540. 56,000ஐ 540ஆல் வகுத்தால் நூறு நாட்களுக்குச் சற்று மேல். மழைநீர் சேகரிப்பைத் தமிழ்நாடு 2003இல் கட்டாயமாக்கியதன் பின்னுள்ள கணக்கு இவ்வளவுதான். அடுக்குமாடிக் குடியிருப்பில் இதே மாடியை எட்டுக் குடும்பங்கள் பகிர்ந்தால் என்னவாகும் என்று கேட்டால் எதிர் விகிதமும் வந்துவிடும்.

ஏரி, அணைகளின் நிலவரம் நாளிதழ்களில் நாள்தோறும் வருகிறது. அதில் அடி, கன அடி, டி.எம்.சி. (ஆயிரம் மில்லியன் கன அடி) என்று புழங்கும் அலகுகள் பெரியவர்களுக்கே புகைமூட்டம். ஒரு விநாடிக்கு ஒரு கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் 86,400 கன அடி. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தின்போது செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிடப்பட்டது. அதே அளவு ஒரு நாள் முழுதும் நீடித்தால் சுமார் இரண்டரை டி.எம்.சி. ஏரியின் முழுக் கொள்ளளவே 3.645 டி.எம்.சி.தான். விகிதத்தை மாணவர் கண்டுபிடிக்கட்டும். அந்த வெள்ளத்தைப் பற்றிய வாக்குவாதங்களில் ஒரு பங்கேனும் அவருக்குப் புரியும்.

மேட்டூர் இன்னும் நல்ல ஆசிரியர். அணையின் முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. நீர்மட்டம் 100 அடியில் இருக்கும்போது இருப்பு சுமார் 65 டி.எம்.சி. உயரத்தில் 83 சதவீதம், நீரில் 70 சதவீதம்தான். ஏன்? பள்ளத்தாக்கு கீழே குறுகி மேலே விரிகிறது. கடைசி 20 அடியில் அடிக்குச் சுமார் 1.4 டி.எம்.சி. இருக்கிறது, முதல் 100 அடியில் சராசரியாக அடிக்கு 0.65தான். நீர்மட்டம் 120இலிருந்து 110க்கு இறங்கினால் ‘பத்து அடிதானே’ என்று டெல்டாவில் யாரும் சொல்லமாட்டார்கள். நேர் விகிதம் முறியும் இடத்தைக் காட்ட ஹவாய்க்குப் போக வசதியில்லாத பள்ளிக்குச் சேலம் மாவட்டத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது.

எதனால் வகுப்பது?

வகுத்தலில் வகுக்கும் எண்ணைத் தேர்ந்தெடுப்பது அரசியல். இதைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்லலாமா என்று தயங்குபவர்கள் உண்டு. எண்களைப் பாருங்கள். ஆண்டுதோறும் வெளியிடும் மொத்தக் கார்பன் டை ஆக்சைடில் சீனா முதலிடம், அமெரிக்கா அடுத்து, இந்தியா மூன்றாவது. மக்கள்தொகையால் வகுத்தால் அமெரிக்கருக்குச் சுமார் 14 டன், இந்தியருக்குச் சுமார் 2 டன். உலகச் சராசரி 5 டன்னுக்குச் சற்றுக் குறைவு. இந்தியா பட்டியலில் எங்கோ கீழே போய்விடுகிறது. தொழிற்புரட்சி முதல் இன்றுவரை கூட்டினால் அமெரிக்காவின் பங்கு ஏறத்தாழ நான்கில் ஒன்று, இந்தியாவினுடையது சுமார் 3 சதவீதம். ஒரே தரவு, மூன்று தரவரிசைகள். எந்த நாட்டுப் பிரதிநிதி எந்தப் பட்டியலைக் கையில் வைத்திருப்பார் என்று மாணவரே ஊகிக்கலாம். கூடவே, இந்தியருக்கு 2 டன் என்ற சராசரிக்குள் மூன்று கார் வைத்திருப்பவரும் அரசுப் பேருந்தில் வருபவரும் அடங்கியிருக்கிறார்கள் என்று ஒரு மாணவி சொன்னால், அவரை அடக்க வேண்டாம். சராசரி எதை மறைக்கிறது என்ற பாடத்தை அவர் நமக்கு நடத்திக்கொண்டிருக்கிறார்.

டென்மார்க்கைச் சேர்ந்த ஓலே ஸ்கோவ்ஸ்மோஸ், கணிதம் உலகத்தை விவரிப்பதோடு நிற்காமல் அதை வடிவமைக்கவும் செய்கிறது என்று நெடுநாளாக எழுதிவருபவர். கனடாவின் ஒட்டாவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் பார்வெல் 2013இல் அந்தக் கருத்தைக் காலநிலைக்குப் பொருத்தினார். காலநிலை மாற்றம் என்பதே நமக்குக் கணிதத்தின் வழியாகத்தான் தெரியவருகிறது என்பது அவர் வாதம். இன்றைய வெயிலை உணரலாம், உலகச் சராசரி வெப்பநிலையை எந்தத் தோலும் உணர்வதில்லை. அது கணக்கிடப்பட்ட பொருள். அந்தக் கணக்கைக் குடிமக்கள் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்ற அளவில் நான் அவரோடு உடன்படுகிறேன். ஆனால் இந்தச் சிந்தனைப் பள்ளி, வகுத்தலே தடுமாறும் வகுப்பறையைப் பற்றி அதிகம் கவலைப்படுவதாகத் தெரியவில்லை.

அந்தக் கவலை நமக்கு இருக்கிறது. ஊரகக் குழந்தைகளின் கற்றல் நிலையை அளக்கும் அசர் அறிக்கைகள் 2022லும் 2024லும் காட்டியது, எட்டாம் வகுப்பு மாணவரில் பாதிக்கும் குறைவானவர்களே மூன்றிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்கிறார்கள் என்பதை. 56,000ஐ 540ஆல் வகுக்கச் சொல்வது அவர்களுக்குத் தண்டனை. காலநிலைத் தரவைக் கொடுத்தால் வகுத்தல் தானே வந்துவிடும் என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். உண்மைத் தரவின் எண்கள் கரடுமுரடானவை. தசமங்களோடும் விடுபட்ட இடங்களோடும் வருபவை. கணிப்பானைக் கையில் கொடுத்துவிட்டு எதை எதனால் வகுப்பது என்று மட்டும் கேட்பது ஒரு வழி. அடிப்படைச் செய்கையைத் தனியே, பொறுமையாக, சிறிய எண்களில் பழக்குவது வேறு வேலை. இரண்டையும் ஒரே மணி நேரத்தில் கலக்க முயன்றால் இரண்டும் கெடும். கணித ஆசிரியருக்கு 45 நிமிடம், முடிக்க வேண்டிய பாடம், எட்டாம் வகுப்பில் உதவித்தொகைத் தேர்வு எல்லாம் இருக்கின்றன. மாதத்துக்கு ஒரு வகுப்பு இதற்கு ஒதுக்கினாலே பெரிய காரியம்.

இன்னொரு கவலை அச்சம். 2021இல் பத்து நாடுகளில் 10,000 இளைஞர்களிடம் எடுத்த ஆய்வில் 59 சதவீதத்தினர் காலநிலை பற்றி மிகவும் கலங்குவதாகச் சொன்னார்கள். இந்தியாவும் அந்தப் பத்தில் ஒன்று. அவர்கள் 16 முதல் 25 வயதுக்காரர்கள், நம் பிள்ளைகளைவிட மூத்தவர்கள். வீட்டு விளக்கை அணைத்தால் எத்தனை கிராம் கார்பன் மிச்சம் என்ற வகைக் கணக்குகள்தான் என்னைச் சங்கடப்படுத்துகின்றன. வீட்டில் ஒரே ஒரு மின்விசிறி ஓடும் பிள்ளையின் மடியில் உலகத்தின் கடனை அவை இறக்கிவைக்கின்றன. 14 டன், 2 டன் கணக்கைப் போட்டுப் பார்த்த பிள்ளைக்கு அந்தக் குற்றவுணர்வு குறையும் என்று நினைக்கிறேன்.

தகரக் குவளை

தரவு எங்கே கிடைக்கும் என்று கேட்டால், உலகத் தரவு எளிது. தன் ஊரின் தினசரி மழையை நெடுங்காலத்துக்கு எடுப்பதுதான் ஒரு பள்ளி ஆசிரியருக்குக் கடினம். அதனால் செய்தித்தாள் நறுக்குகளும், பள்ளி வளாகத்தில் திறந்தவெளியில் வைத்த ஒரு நேர்ச்சுவர்த் தகரக் குவளையும் அளவுகோலும் போதும். குவளையின்மீது புனல் வைத்தால் உடனே பரப்பளவு வந்துவிடும்: புனலின் வாய் குவளையைப்போல் இரு மடங்கு விட்டம் என்றால் தண்ணீர் இரு மடங்கல்ல, நான்கு மடங்கு. அளவை நான்கால் வகுக்க மறந்த பள்ளியில் காயல்பட்டினங்கள் அடிக்கடி நிகழும்.

வானிலைத் துறை காலை 8.30க்கு அளவெடுக்கிறது. பள்ளியிலும் அப்படியே எடுக்கலாம், முன்னதாக வரும் ஒரு குழுவை வைத்து. சிக்கல் ஐப்பசியில் தொடங்கும். கனமழை என்றால் ஆட்சியர் விடுமுறை விடுவார். முந்தின இரவே ‘நாளைக்கு லீவா?’ என்று இணையத்தில் ‘வெதர்மேன்’ என்ற வானிலைப் பதிவரின் பக்கத்தைப் பார்க்கத் தொடங்கிவிடும் பிள்ளைகளுக்கு அது மகிழ்ச்சி. பதிவேட்டுக்கு அது ஓட்டை. மழை அதிகம் பெய்த நாட்களே பதிவில் இருக்காது. அந்தக் கட்டங்களில் 0 என்று எழுதினால் சராசரி பாதாளத்துக்குப் போகும். காலியாக விட்டு, இருக்கும் நாட்களுக்கு மட்டும் சராசரி எடுத்தாலும் அது குறைவாகவே வரும், ஏனென்றால் விடுபட்ட நாட்கள் தற்செயலாக விடுபட்டவை அல்ல. மழையே அவற்றை விடுபடச் செய்தது. கீலிங்கின் வரிசையிலும் ஓட்டைகள் உண்டு. 1964இல் பணமில்லாமல் சில மாதங்கள் அளவீடு நின்றது. 2022 நவம்பரில் எரிமலை வெடித்துச் சாலையும் மின்சாரமும் போனபோது, பக்கத்து மௌனா கேயாவில் கருவி வைத்து அளந்தார்கள். அந்த ஓட்டைகளைக் காற்றின் கார்பன் உண்டாக்கவில்லை. பள்ளியின் ஓட்டைகளை மழையே உண்டாக்குகிறது.

குவளை ஆழமானதாக இருந்தால் ஒரு வழி இருக்கிறது. விடுமுறை முடிந்து திறக்கும் நாளில் சேர்ந்திருக்கும் மொத்தத்தை அளந்து, ‘மூன்று நாட்களுக்குச் சேர்த்து’ என்று எழுதலாம். மாத மொத்தம் சரியாக வரும், மாதச் சராசரியும் வரும். எந்த நாளில் எவ்வளவு, அதிகபட்சம் எது, கனமழை நாட்கள் எத்தனை என்ற கேள்விகளுக்கு மட்டும் அந்த மூன்று கட்டங்களிலிருந்து பதில் வராது. பள்ளிக்கு எதிர்வீட்டிலிருக்கும் மாணவரிடம் சாவியைக் கொடுத்துவைக்கலாமா என்று அந்த வகுப்பே முடிவு செய்துகொள்ளட்டும்.